நடுவில் வந்து கேட்பவருக்காக: எழுத்தாளரோடும் நிபுணரோடும் வானொலியில் உரையாட ஒரு முழுமையான வழிகாட்டி

புதுவை லாஸ்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். துணி மூட்டைக்குப் பக்கத்தில் சின்ன ரேடியோ ஒன்று காலையிலிருந்து மதியம் வரை ஓடிக்கொண்டே இருக்கும். நான் முதன்முதலாக ஓர் எழுத்தாளரைப் பேட்டி கண்ட நிகழ்ச்சி ஒலிபரப்பான மறுநாள் சட்டை வாங்கப் போனேன். அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க குரல் வந்துச்சு சார். நல்லாத்தான் பேசிக்கிட்டீங்க. ஆனா அந்த ஆளு யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே."

சொல்லியிருந்தேன். தொடக்கத்தில், ஒரே ஒரு தடவை. அவர் ரேடியோவைத் திருப்பியது ஆறாவது நிமிடத்திலோ பத்தாவது நிமிடத்திலோ. அதற்கப்புறம் அரை மணி நேரம் பெயர் தெரியாத யாரோ ஒருவர், பெயர் தெரியாத ஏதோ ஒரு நூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த இஸ்திரி அண்ணனை மனதில் வைத்து எழுதியது. வானொலி கேட்பவரின் கை எப்போதும் வேறு வேலையில் இருக்கும். மீன் ஆய்வார், ஆட்டோ ஓட்டுவார், பூ கட்டுவார். பெரும்பாலும் நடுவில்தான் வந்து சேருவார். திருப்பிப் பார்க்க அவருக்குப் பக்கம் கிடையாது. இதை ஏற்றுக்கொண்டால் கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் தானாகவே வந்துவிடும்.

எங்கே ஒலிபரப்பப் போகிறீர்கள்

முதலில் இதை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் மற்றதெல்லாம் இதைப் பொறுத்தது. புதுவையில் அகில இந்திய வானொலி நிலையத்தின் ரெயின்போ பண்பலை 102.8-ல் வருகிறது, பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியான புதுவை வாணி 107.8-ல். நம் நாட்டில் 2002-ல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி நடத்த வழி திறந்தது. அந்த வகையில் முதலில் வந்தது 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய நிலையம். இந்த நிலையங்களின் ஆன்டெனாவிலிருந்து வெளிப்படும் சக்தி அதிகபட்சம் 100 வாட். பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலாப்பட்டில் பேசினால் கடலூர் முதுநகரில் கேட்காது. அதனால் உள்ளூர்ப் பேச்சைத் தயங்காமல் பேசலாம். "முத்தியால்பேட்டை மணிக்கூண்டுகிட்ட" என்று விருந்தினர் சொன்னால் விளக்க வேண்டியதில்லை, கேட்பவர் அந்த வழியாகத்தான் அன்று காலையில் வந்திருப்பார்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது. ஆகவே அரசியல் வாடை அடிக்கும் பொருள் எதுவானாலும், விருந்தினரை அழைப்பதற்கு முன்பே நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அழைத்த பிறகு "வேண்டாம் ஐயா" என்று சொல்வதைப் போல் சங்கடம் வேறில்லை.

நிலையம் எதுவும் இல்லாமல் பாட்காஸ்ட்டாகவே தொடங்கினாலும் சரி, அரை மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். அரை மணி என்றால் உண்மையில் 26 அல்லது 27 நிமிடம். தொடக்க இசை, அறிவிப்பு எல்லாம் மீதியைத் தின்றுவிடும். என் கணக்கில், நிதானமாகப் பேசும் ஒருவர் தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல் பேசுவார், பத்து இப்படியோ அப்படியோ. மொத்தமே 2,700 சொல். அதில் உங்களுடையது நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் அது பேட்டி இல்லை, உங்கள் சொற்பொழிவு.

யாரை அழைப்பது

நிபுணர் என்றதும் எல்லோருக்கும் பட்டம்தான் கண்ணில் தெரிகிறது. பட்டம் இருக்கட்டும். "இந்த ஆள் இந்த ஒரு விஷயத்தோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாரா?" என்பதுதான் என் கேள்வி. தேவனாம்பட்டினத்தில் வாடைக்கும் கொண்டலுக்கும் கடல் எப்படி நிறம் மாறும் என்று சொல்லத் தெரிந்த பெரியவரும் நிபுணர்தான். பண்ருட்டியில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து நாள் சொல்பவரும் அப்படித்தான். பட்டம் பெற்றவரையும் இவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க முடிந்தால் அந்த நிகழ்ச்சி தானே ஓடும். ஆனால் முதல் பத்து நிகழ்ச்சிக்கு ஒருவரை மட்டும் அழையுங்கள். இரண்டு பேர் வந்தால் குரல் குழம்பும், யார் பேசுகிறார் என்பதைச் சொல்வதே உங்கள் வேலையாகிவிடும்.

நம் பகுதியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் ஓலைச்சுவடி படிப்பவர்கள் இருக்கிறார்கள். புதுவையில் இருக்கும் சைவ சித்தாந்தச் சுவடித் தொகுப்பு 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறியது. மகரந்தத் துகளை வைத்துப் பழங்காலக் காடு எப்படி இருந்தது என்று சொல்பவர்களும் அங்கே உண்டு. அரிக்கமேட்டைத் தோண்டிய கதை தெரிந்த வரலாற்று ஆசிரியர்கள், பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் ஆய்வு செய்தவர்கள், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது வேலையில் இருந்த மின்வாரிய ஊழியர்கள். எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதுமைப்பித்தனும் ஜெயகாந்தனும் பிறந்த ஊர் கடலூர். கி.ரா. என்ற கி. ராஜநாராயணன் தன் கடைசி முப்பது ஆண்டுகளைப் புதுவையில், எங்கள் லாஸ்பேட்டைப் பக்கத்தில் கழித்தார். இப்போதும் தெருவுக்கு ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் யார் பேசவும் செய்வார் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

முன்கூட்டியே பேசுவது

வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி, அவர் "சரி" என்றதும் நேராக ஸ்டூடியோவில் சந்திக்காதீர்கள். பத்து நிமிடம் போனில் பேசுங்கள். மூன்று விஷயம் கவனியுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாரா, வேறு எங்கேயோ போகிறாரா? ஒரு வாக்கியம் எவ்வளவு நீளம்? எந்த இடத்தில் குரல் மாறுகிறது? மூன்றாவதுதான் முக்கியம். ஒருவர் தன் வேலையைப் பற்றி ஒரே சுருதியில் பேசிக்கொண்டே வந்து, திடீரென்று ஓர் இடத்தில் சூடாவார், அல்லது சிரிப்பார். அந்த இடத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிகழ்ச்சி அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கதையைப் போனிலேயே முழுக்கச் சொல்ல விடாதீர்கள். "ஐயா, இதை அப்படியே வைச்சுக்குங்க, மைக்குல சொல்லலாம்" என்று நிறுத்திவிடுங்கள். இரண்டாவது தடவை சொல்லும்போது எந்தக் கதையும் கொஞ்சம் ஆறித்தான் போகும். "போன்ல சொன்னேனே, அது மாதிரி" என்று அவர் மைக்கில் ஆரம்பித்தால் கதை முடிந்தது, கேட்பவர் போனில் இல்லை.

கேள்வித்தாளை முன்கூட்டியே அனுப்பச் சொல்வார்கள். நான் அனுப்புவதில்லை. எந்தெந்தப் பகுதியைத் தொடுவேன் என்று நான்கு வரி மட்டும் எழுதி அனுப்புவேன். கேள்வி போனால் பதில் எழுதிக்கொண்டு வருவார்கள், எழுதியதை வாசிப்பார்கள். வாசிக்கும் குரலும் பேசும் குரலும் வேறு வேறு என்பது இஸ்திரி அண்ணனுக்கு நொடியில் தெரிந்துவிடும். விதிவிலக்கு: அரசுப் பணியில் இருப்பவர்கள். அவர்களுக்கு மேலதிகாரியின் அனுமதி தேவைப்படலாம், கேள்வி இல்லாமல் அது கிடைக்காது. அப்போது அனுப்பத்தான் வேண்டும்.

நூலைப் படியுங்கள்

முழுவதும். இதில் சமரசம் கிடையாது. பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு வருபவரை எழுத்தாளர் முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதற்கப்புறம் அவர் மரியாதைக்காக மட்டும் பேசுவார்.

படிக்கும்போது பென்சிலால் மூன்று வகைக் குறி போடுவேன். எனக்குப் புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி. என்னைத் தூக்கிவாரிப் போட்ட இடத்தில் ஒரு கோடு. எழுத்தாளர் வேகமாகத் தாண்டிப்போன இடத்தில் ஒரு வட்டம். நல்ல கேள்விகள் பெரும்பாலும் அந்த வட்டங்களில்தான் கிடைத்திருக்கின்றன. முன்னூறு பக்க நாவலில் அம்மாவுக்கு ஒரே ஒரு பத்தி. ஏன்? கேட்டுப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. படித்ததைக் காட்டிக்கொள்ளாதீர்கள். "நீங்கள் உங்கள் மூன்றாவது தொகுப்பின் முன்னுரையில் குறிப்பிட்டதைப் போல" என்று ஆரம்பிக்கும் கேள்வி எழுத்தாளரை மகிழ்விக்கும், கேட்பவரை வெளியே தள்ளும். உள்ளதெல்லாம் தெரிந்துகொண்டு, தெரியாதவர் இடத்தில் நின்று கேட்க வேண்டும். இது சொல்வதற்குத்தான் சுலபம்.

கேள்வி

இதற்குத்தான் அதிக நேரம் செலவிடுவேன். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், கடற்கரை அரிப்பில் பழுத்த அனுபவம் உள்ளவர். புதுவைக் கடற்கரைச் சாலையில் மணல் காணாமல் போய்க் கருங்கல் மட்டும் மிஞ்சிய கதையைப் பேச அழைத்திருந்தேன். இருபத்து மூன்று கேள்விகளோடு போனேன். முதல் கேள்வி: "கடலோர அரிப்புக்கான முக்கியக் காரணிகள் யாவை?" பரீட்சைக் கேள்வி. அவரும் பரீட்சைப் பதில் சொன்னார்: நீரோட்டம், படிவு, கன மீட்டர். பன்னிரண்டு நிமிடம் போனது. எனக்கே கொட்டாவி வந்தது.

அப்புறம் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன்: "ஐயா, சின்ன வயசுல காந்தி சிலைக்கு எதிர்ல மணல்ல வீடு கட்டி விளையாடியிருக்கேன். அந்த மணல் இப்ப எங்க இருக்கு?"

அவர் சிரித்தார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அது நடந்து போயிடுச்சு தம்பி. மணல் நம்ம கரையில உட்காராது, நடக்கும். வருஷத்துல பெரும்பாலான மாசம் அலை தெற்கிலிருந்து சாய்ஞ்சு வரும், மணலை வடக்கே தள்ளிக்கிட்டே போகும். மழைக்காலத்துல கொஞ்சம் திரும்பி வரும். ஆனா போறதுதான் அதிகம். போறதுக்கு ஈடா தெற்கிலிருந்து புதுசா வந்துக்கிட்டே இருக்கணும். ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள கல்லுச்சுவர் போட்டோமா, வர்ற மணல் அங்கேயே நின்னுபோச்சு. உன் மணல் வடக்கே போயிடுச்சு. அதுக்குப் பதிலா வரவேண்டியது வரல. அவ்வளவுதான் விஷயம்."

பன்னிரண்டு நிமிடத்தில் வராதது அரை நிமிடத்தில் வந்தது. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியதைப் பற்றியும் அதே ஓட்டத்தில் பேசினார். எடிட்டிங்கில் முதல் பன்னிரண்டு நிமிடத்தைத் தூக்கிவிட்டு, அந்த மணல் கேள்வியிலிருந்தே நிகழ்ச்சியைத் தொடங்கினேன்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: கேள்வி ஒரு பொருளையோ ஓர் இடத்தையோ ஒரு நாளையோ தொட வேண்டும். "ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பின் வரலாற்று முக்கியத்துவம் என்ன?" என்று கேட்காதீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுவையில் அவர் 1736-லிருந்து பல்லாண்டுகள் எழுதிய குறிப்பு அது. "அதில் எந்த நாள் குறிப்பைப் படித்த அன்றைக்கு உங்களுக்குத் தூக்கம் வரவில்லை?" என்று கேளுங்கள். ஆய்வாளர் ஒரு நாளைச் சொல்வார், அந்த நாளுக்குள் மற்றதெல்லாம் வந்துவிடும். அதே மாதிரி, எழுத்தாளரிடம் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்", "எழுத வந்தது எப்படி?" இரண்டும் வேண்டாம். ஆயிரம் தடவை சொன்ன பதில் தேய்ந்துபோய்க் கிடக்கும். "இந்தக் கதையில் எந்த வரியை அதிகம் தடவை அடித்து எழுதினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொறியாளர் கன மீட்டர் என்றதும் குறுக்கிட்டேன்: "யூனிட் கணக்கில சொல்லுங்க ஐயா." வீடு கட்டிய எல்லோருக்கும் யூனிட் தெரியும், நூறு கன அடி. ஒரு கன மீட்டர் 35 கன அடி சொச்சம், ஆக மூன்று கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு யூனிட். அவரே மனக்கணக்குப் போட்டுச் சொன்னார். காதால் கேட்பவருக்கு எண் தனியாக நிற்காது, அதற்கு ஒரு லாரி வேண்டும்.

எத்தனை கேள்வி எழுதுவது? எட்டு. அதில் மூன்று தடித்த எழுத்தில்: முதல் கேள்வி, குரல் மாறிய அந்த இடத்தைத் தொடும் கேள்வி, கடைசிக் கேள்வி. மீதி ஐந்தும் போனால் போகட்டும்.

இடமும் மைக்கும்

ஸ்டூடியோ இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இல்லாதவர்களுக்கு:

புதுவையின் பழைய வீடுகள் பார்க்க அழகு, பதிவுக்குப் பகை. உயரமான கூரை, வழவழ தரை, வெறும் சுவர். பேசினால் கோயில் மண்டபத்தில் பேசுவது போல் எதிரொலிக்கும். கூடத்தை விட்டுவிட்டுப் படுக்கையறைக்குப் போங்கள். மெத்தை, தலையணை, துணி அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்தால் அது, எல்லாம் எதிரொலியைக் குடிக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஆமாம், வேர்க்கும். மே மாதத்தில் மதியம் பதிவு செய்யாதீர்கள், அவ்வளவுதான் வழி. ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் உங்கள் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். அப்போதுதான் கிளம்பும்போது திரும்பப் போட மறக்க மாட்டீர்கள்.

மைக் வாங்குவதானால் டைனமிக் வகை. கண்டென்சர் மைக் பக்கத்துத் தெரு ஐஸ்வண்டியையும் சேர்த்துப் பிடிக்கும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில். நேரே இருந்தால் "பாப்பா", "பழம்" எல்லாம் வெடிக்கும். காசு இல்லையென்றால் இரண்டு செல்போன் போதும், ஆளுக்கு ஒன்று, ஏரோப்ளேன் மோடில். பதிவு தொடங்கியதும் ஒரு முறை கை தட்டுங்கள், பிறகு இரண்டு பதிவையும் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம்.

பதிவு வேவ் (WAV) கோப்பாக இருக்கட்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு 320 எம்பி அளவுதான் வரும். லெவல், அதாவது பதிவாகும் ஒலி அளவு, பார்க்க "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். "ஹலோ மைக் டெஸ்டிங்" என்றால் யாரும் இயல்பான குரலில் பேசமாட்டார்கள். இட்லிக்கு என்ன சட்னி என்று சொல்லும்போதுதான் உண்மையான குரல் வரும். லெவல் காட்டும் மீட்டரில் சாதாரணப் பேச்சு மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில், சிரித்தாலும் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது.

ஹெட்போன் போடுங்கள். அவர் எதிரில் இருக்கும்போது காதில் மாட்டிக்கொள்வது மரியாதைக் குறைவு என்று நினைத்து ஒரு தடவை விட்டுவிட்டேன். கடலூரில் ஒரு பெரியவர் வீடு, ஐம்பது நிமிடம் அற்புதமான பேச்சு. மடிக்கணினி, மேசையில் இருந்த நல்ல மைக்கை விட்டுவிட்டுத் தன் சொந்த மைக்கில் பதிவு செய்திருந்தது. பெரியவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். என் விரல் தட்டிய சத்தம் மட்டும் துல்லியம். அடுத்த வாரம் ஒரு கிலோ முந்திரியோடு போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அவர் திரும்பவும் பேசினார், நல்ல மனிதர். ஆனால் அது ஆறிய கதை.

கிளம்புவதற்கு முன் முப்பது விநாடி யாரும் பேசாமல் அந்த அறையின் மௌனத்தை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களை ஒட்டும்போது அதுதான் பசை.

பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்

இதைச் செய்பவர்கள் குறைவு. வரும்போது ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துவரச் சொல்லுங்கள். சுவடி பற்றிப் பேசுபவர் பயிற்சிக்கு வைத்திருக்கும் வெற்றோலையையும் எழுத்தாணியையும் கொண்டுவந்தார். ஓலையில் கீறும் அந்தச் "சர்ர்" சத்தம் மைக்கில் விழுந்தது. கீறினால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது, கரியும் எண்ணெயும் கலந்து தடவித் துடைத்தால்தான் கறுப்பாக எழுந்து வரும் என்று அவர் செய்துகொண்டே சொன்னார். படம் இல்லாத வானொலியில் அது படம்.

பேச்சு நடக்கும்போது

விருந்தினரின் பெயரையும் பொருளையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சொல்லுங்கள். அறிவிப்பு போல வேண்டாம், கேள்வியில் கோத்துவிடுங்கள்: "(இங்கே அவர் பெயர்) ஐயா, முப்பது வருஷம் கடற்கரையை அளந்தவர் நீங்க, சொல்லுங்க, இந்தக் கல்லை எடுத்துட்டா என்ன ஆகும்?" யார், என்ன விஷயம், அடுத்த கேள்வி, மூன்றும் ஒரே வாக்கியத்தில். இஸ்திரி அண்ணனுக்கு நான் வட்டியோடு கட்டிய கடன் இது.

"ம்", "ஆமா", "சரி சரி" என்று வாயால் ஒத்து ஊதாதீர்கள். தலையை ஆட்டினால் போதும். நேரில் அது மரியாதை, பதிவில் அது கொசு. ஒவ்வொரு பதிலுக்கும் "அருமை, அருமை" என்பதையும் விட்டுவிடுங்கள்.

விருந்தினர் நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பலர் அந்த மூன்று விநாடியைத் தாங்க முடியாமல் இன்னொரு வாக்கியம் சொல்வார்கள். நிகழ்ச்சியின் சிறந்த வாக்கியம் பெரும்பாலும் அதுதான். தாளில் இருக்கும் எந்தக் கேள்வியைவிடவும் "அப்புறம்?" நல்ல கேள்வி.

கலைச்சொல் வந்தால் உடனே பிடியுங்கள், ஆனால் "நேயர்களுக்குப் புரியும்படி" என்று சொல்லாதீர்கள், நேயரைச் சின்னவராக்கும் பேச்சு அது. "எனக்குப் புரியல ஐயா" என்று நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

மொழியை விருந்தினரிடமே விட்டுவிடுங்கள். அவர் எழுத்துத் தமிழில் ஆரம்பித்தாலும் நீங்கள் பேச்சுத் தமிழில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் இறங்கி வருவார். மீனவப் பெரியவர் தன் வழக்கில் ஒரு சொல் சொன்னால் திருத்தாதீர்கள், பொருள் மட்டும் கேளுங்கள். விளிப்பதும் அப்படித்தான். பெரியவரை ஐயா, அம்மா. உங்களைவிட இளைய எழுத்தாளராக இருந்தாலும் மைக்கில் "நீங்க"தான். வெளியே தோளில் கை போட்டுப் பழகும் நண்பராக இருந்தாலும் "டேய்" நழுவிவிடக் கூடாது. எனக்கு ஒரு தடவை நழுவியது. வெட்டினேன்.

பேச்சு வேறெங்கோ போய்விட்டால் அவர் மூச்சு எடுக்கும் நொடியில் அவருடைய கடைசிச் சொல்லையே பிடித்து உள்ளே நுழையுங்கள். "பாண்டி மார்க்கெட்னு சொன்னீங்களே, உங்க கதையில வர்ற மார்க்கெட் அதுதானா?" என்றால் அவருக்கு வெட்டியது தெரியாது.

மருத்துவரும் வழக்கறிஞரும் வந்தால் தனிக் கவனம். நேரலையில் நேயர் போன் செய்து "எனக்குச் சர்க்கரை 280, எந்த மாத்திரையை எத்தனை போடணும்?" என்பார். மருத்துவர் நல்லெண்ணத்தில் பதில் சொல்லப் பார்ப்பார். நீங்கள்தான் தடுக்க வேண்டும்: "உங்க டாக்டரைப் பார்த்துக் கேளுங்கம்மா. சர்க்கரை இவ்வளவு ஏறினா உடம்புல என்னென்ன தெரியும், அதை டாக்டர் சொல்வாங்க." சொத்து வழக்கும் அப்படித்தான். எதிராளியின் பெயர் ஒலிபரப்பில் போய்விட்டால் அவதூறு உங்கள் தலையில் விழும். போனை எடுப்பவர், இணைப்பதற்கு முன்பே "பெயர் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும்.

நூலிலிருந்து வாசிப்பது

எழுத்தாளர் குரலில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் நிகழ்ச்சிக்குக் களை வரும். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்தை நீங்களே தேர்ந்தெடுத்துப் போங்கள், அவரிடம் விட்டால் புரட்டிக்கொண்டே இருப்பார். நூலின் ஒலி உரிமை பதிப்பகத்திடம் இருக்கலாம், ஒரு மின்னஞ்சலில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறைந்த எழுத்தாளரின் படைப்பு என்றால் நம் சட்டப்படி அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். பாட்காஸ்ட்டில் சினிமாப் பாட்டு போட ஆசைப்படாதீர்கள்.

வெட்டுவது

ஆடாசிட்டி இலவசம், போதுமானது. முதலில் கணினியைத் தொடாமல் முழுப் பதிவையும் ஒரு முறை கேளுங்கள், பாத்திரம் தேய்த்துக்கொண்டோ நடந்துகொண்டோ. கவனம் எங்கே நழுவுகிறதோ அந்த நிமிடத்தைக் குறியுங்கள். வெட்ட வேண்டியது அங்கேதான். பிறகு உட்கார்ந்து வெட்டுங்கள். உங்கள் கேள்வியின் முதல் பாதியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் இரண்டாம் பாதியே போதும். விருந்தினரின் திணறலை எல்லாம் துடைக்காதீர்கள். ஒரு பெண் எழுத்தாளர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது வந்த தயக்கத்தை முதல் வெட்டில் எடுத்துவிட்டேன். திரும்பக் கேட்டால் செய்தி வாசிப்பது போல் இருந்தது. தயக்கத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

ஒரு விதி மட்டும் மீற முடியாதது. ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை வேறு கேள்விக்கு ஒட்டக் கூடாது.

பாட்காஸ்ட்டாக ஏற்றுவதானால் ஒலி அளவை மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்கும் அலகு) பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, செல்போன் ஸ்பீக்கரில் போட்டுக் கடைத்தெருவில் ஒரு தடவை நடந்து கேளுங்கள். நேரு வீதி இரைச்சலில் புரிந்தால் எங்கேயும் புரியும்.

ஒலிபரப்பான பிறகு

நாளையும் நேரத்தையும் விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், அவர் வீட்டார் கேட்பார்கள். மறுநாள் முழுப் பதிவையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். வெட்டாத மூலப் பதிவை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். கோப்புக்குத் தேதி, விருந்தினர் பெயர், பொருள் என்று பெயர் வையுங்கள். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் இதான்" என்று என் கணினியில் இன்னும் நான்கைந்து கிடக்கின்றன. எது யார் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றையும் திறந்து, பெயர் சொல்லும் இடம் வரும்வரை கேட்க வேண்டியிருக்கிறது.